மட்டை வைக்காத நிரை

ஜெனட்டின் கைபேசிக்கு அன்று காலை வந்த படத்தில் இருந்தது முருங்கைக்கீரை. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் முருங்கைக்கீரையை அடையாளம் தெரியாத தமிழர் ஒருவர் இருந்தால் அவரைக் காட்சிக்கு வைக்கலாம். ஆனாலும் பக்கத்து வீட்டு லோகேஸ்வரி அதைக் கிட்டத்தில் ஒன்று, தள்ளி நின்று ஒன்று என்று படம் பிடித்து அனுப்பி, 'அக்கா, இது திங்கலாமா?' என்று கேட்டிருந்தாள். ஜெனட் படத்தைப் பார்த்தாள். 'வேணாம்' என்று பதில் எழுதினாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் லோகேஸ்வரியே வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, அது முருங்கக்கா. எங்க வீட்டு முருங்க. நீங்க கொம்பு குடுத்து நட்ட மரம் லா."

"தெரியும்."

"அப்புறம் ஏன் வேணாம்னு போட்டீங்க?"

"எதுக்கு வம்பு."

"போன வாரம் வெண்டிக்காயிக்கும் வேணாம்னீங்க. அது மார்க்கெட்டுல வாங்குனது."

கேட்பவர் சிரிக்கலாம், லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ரோட்டோரம் ஒரு வெள்ளப் பூ படம் அனுப்புனேன்ல, அகத்திப்பூவான்னு கேட்டு? அதுக்கும் வேணாம்னுதான் போட்டீங்க. நான் நம்பலக்கா. எல்லாத்துக்கும்தான வேணாங்கறாங்கன்னு பறிச்சிட்டு வந்துட்டேன், மாவுல தோச்சுப் பொரிக்கலாம்னு. எங்க வீட்டுக்காரரு வந்து பாத்து, அது ஊமத்த சாதின்னு தூக்கிப் போட்டாரு. எல்லாத்துக்கும் வேணாம்னா, எது நெசமா வேணாம்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

புக்கிட் பெலிம்பிங்கில் இந்த வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த நாளிலிருந்து இலை, பூ, காய் எதுவானாலும் அதை ஜெனட்டிடம் காட்டிவிட்டுத்தான் சட்டியில் போடுவது என்று நாலைந்து வீடுகளுக்குப் பழக்கமாகிவிட்டது. அவள் பெரிய வைத்தியச்சி ஒன்றும் இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் முதுகில் மருந்து பம்பைச் சுமந்து இருபது வருஷத்துக்கு மேல் களைக்கு மருந்தடித்தவள். களையைக் கொல்வதற்குச் சம்பளம். அந்தக் களையில் பாதியைப் பறித்துக் குழம்பு வைப்பது வீட்டுப்பாடு. எதைக் கொல்கிறோம், எதைத் தின்கிறோம் என்று தெரியாமல் அந்தப் பிழைப்பு நடக்காது. அகத்திப்பூ கிளி மூக்குப்போல வளைந்து இதழ் இதழாகப் பிரியும், ஊமத்தை சாதிப் பூ பிரியாமல் புனல்போல ஒன்றாகத் தொங்கும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடமாகத் தெரியாது. கையில் எடுத்தால் தெரியும்.

ஆனால் இலையைப் பார்த்துச் சொல்வது பாதி வேலைதான். மருந்து பட்ட கீரையும் படாத கீரையும் இரண்டொரு நாளைக்கு ஒரே மாதிரிதான் பச்சையாக நிற்கும். இரண்டும் அதே மணத்தக்காளி. அதனால் மருந்தடிக்கும் பெண்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே உள்ள ஒரு நிரையை அடித்து முடித்ததும், கீழே கிடக்கும் செம்பனை மட்டை ஒன்றை எடுத்து நிரை வாயில் செங்குத்தாகக் குத்திவிட்டுப் போவார்கள். மட்டை நின்றால் கிட்டே போகாதே. மட்டை இல்லையென்றால் பறித்துக்கொள். தோட்ட நிர்வாகத்தில் எந்தக் கிராணியும் எந்த மண்டோரும் போட்ட சட்டமில்லை அது. தின்கிறவர்களே தங்களுக்காகப் போட்டுக்கொண்டது.

முழங்கால் தேய்ந்து ஜெனட் வேலையை விட்டாள். கூட வேலை செய்த பெண்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். இப்போது மருந்தடிப்பது குத்தகைக்கு வந்த வெளிநாட்டுப் பையன்கள். காட்டு மணத்தக்காளியைத் தின்னும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. மட்டை வைக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஜெனட்டும் சொல்லவில்லை.

இனி, சில மாதங்களுக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமை.

தவக்காலம். ஜெனட்டுக்கு நோன்பு, சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை முடிந்ததும் ஊற்றுகிற கஞ்சிதான் சாப்பாடு. அவள் புருஷன் தேவதாஸ் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அடைப்புக்காக நெஞ்சில் கம்பி வைத்து, மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தார். மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடக்கக் கூடாது, கவிச்சி இல்லாமல் சாப்பிட்டால் போதும் என்பது வீட்டு ஏற்பாடு. காலையில் மோட்டார் சைக்கிளில் பழைய தோட்டத்துப் பக்கம் போனவள், பாலத்தை ஒட்டிய நிரையில் மணத்தக்காளி கொழுகொழுவென்று நிற்பதைப் பார்த்தாள். நிரை வாயைப் பார்த்தாள். மட்டை இல்லை. மடி நிறையப் பறித்து வந்தாள். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சமைத்து மூடி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது சட்டியில் கீரை அடியில்தான் கிடந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. தேவதாஸ் நாற்காலியில் சாய்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீரை ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

எல்லா வெள்ளிக்கிழமையும் சொல்வதுதான். மறுநாள் காலையில் எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். கம்பி வைத்த நெஞ்சு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஜெனட்டுக்கும் வரவில்லை. மகள் கிளாரிஸ்ஸா ஷா ஆலாமிலிருந்து வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஜெனட்டும் அழத் தொடங்கியிருந்தாள்.

அந்த அழுகை நின்றது பாலத்துப் பக்கத்தில். அடக்கம் முடிந்த அடுத்த வாரம் கல்லறைக்குப் பூ எடுத்துக்கொண்டு அந்த வழியே போனாள். தான் கீரை பறித்த நிரை ஒரே சீராக மஞ்சளாகிக் கருகிக் கிடந்தது. புல்லும் பெரணியும் மணத்தக்காளியும் ஒன்று விடாமல். மழை இல்லாமல் காய்ந்த காய்ச்சல் அல்ல அது. அந்தக் கருகலை எத்தனையோ வருஷம் தன் கையால் உண்டாக்கியவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிரை வாயில் அப்போதும் மட்டை இல்லை.

அவள் பறித்ததற்குப் பிறகு மருந்தடித்தார்கள் என்றால் தேவதாஸ் நெஞ்சு நோயில் செத்தார். முன்னால் அடித்தார்கள் என்றால் அவள் சமைத்துப் போட்டதில் செத்தார். கேள்வி இவ்வளவுதான். கருகலைப் பார்த்து நாள் சொல்ல அவளாலும் முடியாது. தோட்டத்தில் போய் யாரையாவது கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதனால்தான் அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மரத்துப்போயிற்று. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் இருக்கிறதே, அந்த மாதிரி. கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்று தெரியும், வலி தெரியாது. கிளாரிஸ்ஸா தொலைபேசியில் கூப்பிட்டுச் சாப்பிட்டியா என்றால் 'ம்' என்பாள். சாப்பிட்டது சோறா ரொட்டியா என்றால் யோசிப்பாள். ஈஸ்டர் வந்தது, போனது. சின்னத் தூக்குச்சட்டியைக் காணோம், துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ கொண்டுபோயிருக்க வேண்டும். வேறு சமயமாக இருந்தால் வீடு வீடாகப் போய் அலசியிருப்பாள், இப்போது தேடவில்லை. செத்தவன் கையில் வெற்றிலை பாக்குக் கொடுத்த மாதிரி நடமாடுகிறாள் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். புருஷன் போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா என்றும் பேசிக்கொண்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. கீரை என்ற பேச்சே வீட்டில் ஒழிந்தது. யார் எதைக் காட்டிக் கேட்டாலும் 'வேணாம்' என்றாள். வேண்டாம் என்று சொல்லி யாரும் செத்ததில்லை என்று நினைத்தாள்.

இப்போது லோகேஸ்வரி வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வியில் அந்த நினைப்பும் போயிற்று. வேண்டாம் என்று சொல்லியும் ஒரு வீட்டை ஊமத்தை தின்ன வைத்திருப்பாள். ஜெனட்டுக்குப் பயம்கூட வரவில்லை. வர வேண்டிய இடம் வெறுமனே இருந்தது. அதுதான் அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

"போயிட்டு வரேன்" என்று லோகேஸ்வரியிடம் சொன்னாள். எங்கே என்று சொல்லவில்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

தோட்டத்து வாசலில் குறுக்குக் கம்பம் போட்டிருக்கும். பக்கத்தில் பலகைக் கொட்டகை. அதில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்ப்பவர் இருசப்பன். தேவதாஸுக்குப் பழைய கூட்டாளி. அவரும் பெண்சாதியை இழந்து தனியாக இருப்பவர். தேவதாஸின் அடக்கத்தன்று பெட்டியை முன்னால் நின்று தூக்கினார். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. ஜெனட்டைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து, தொப்பியைக் கழற்றி, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"வா தங்கச்சி. என்ன இந்தப் பக்கம்?"

"ஒன்னு கேக்கணும்ணே. அவரு தவறுன வாரம், பாலத்துக்கிட்ட நெரையில மருந்தடிச்சாங்களா?"

"அடிச்சாங்க."

"என்னிக்கு?"

இருசப்பன் யோசிக்கவே இல்லை. அந்த வாரத்தில் நடந்தது ஒன்றையும் அவர் மறக்கவில்லை போலிருந்தது.

"வியாழக்கிழம. மருந்து லோரிக்கு நான்தான் கம்பத்தத் தூக்கிவிட்டேன். வெள்ளிக்கிழம எதுத்த பக்கம் அடிச்சாங்க. சனிக்கிழம காலையில அவரு போயிட்ட சேதி வந்துச்சு."

"வியாழக்கிழமையா?"

"வியாழக்கிழமதான்."

"சரிண்ணே" என்றாள் ஜெனட்.

இடி விழும் என்று இத்தனை நாள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். விழுந்துவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. மோட்டாரில் ஏறி உட்கார்ந்து உதைத்தாள், கிளம்பவில்லை. இருசப்பன் கொட்டகையை விட்டு இறங்கி வந்தார்.

"எதுக்கும்மா கேக்குற?"

ஜெனட் அவர் முகத்தைப் பார்க்காமல், மோட்டாரின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மீன் விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"வெள்ளிக்கிழம காலையில அந்த நெரையிலதான் கீரை பறிச்சேன். மட்டை இல்ல, அதான் பறிச்சேன். சமைச்சு வச்சிட்டுக் கோயிலுக்குப் போயிட்டேன். அவரு தின்னாரு. விடியறதுக்குள்ள செத்துட்டாரு. நான்தாண்ணே கொன்னுட்டேன்."

ஒரு லோரி வந்து கம்பத்தின் முன் நின்று ஹாரன் அடித்தது. இருசப்பன் போய்த் தூக்கிவிட்டார். லோரி போன பிறகு கம்பத்தை இறக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவரு திங்கல" என்றார்.

"என்ன?"

"அந்தக் கீரைய அவரு திங்கல தங்கச்சி. தின்னது நான்."

ஜெனட்டுக்கு விளங்கவில்லை. அவர் கம்பத்தை இறக்கிவிட்டு வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் ஜெனட் கோயிலுக்குப் போனதும் தேவதாஸ் கீரையைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு இந்தக் கொட்டகைக்கு வந்துவிடுவார். இருசப்பன் கடையில் ஆட்டுக்கறிச் சோறு கட்டி வாங்கி வைத்திருப்பார். இருவரும் மாற்றிக்கொள்வார்கள்.

"எம் பொஞ்சாதி போனதுலருந்து எனக்கு வீட்டுக் கீரை ஏது? அவருக்குக் கறி இல்லாம தொண்டையில எறங்காது. வருசக்கணக்கா நடந்துச்சு. அன்னிக்கும் நான்தான் மிச்சம் வைக்காமத் தின்னேன்."

"உங்களுக்கு ஒன்னும் ஆகலையா?"

"ரெண்டு நாளு வயித்தால போச்சு. சாவு வீட்டுல கண்ட தண்ணியக் குடிச்சதுன்னு நெனச்சேன்."

ஆனைக்கும் அடி சறுக்கும். ஜெனட்டுக்கும் சறுக்கியிருந்தது, கீரை மருந்து பட்ட கீரைதான். ஆனால் அதைத் தின்றவர் எதிரே தொப்பியோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"ஏன் வீட்டுக்கு வர்றதில்லன்னு நீ கேப்பியோன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றார் இருசப்பன். "நெஞ்சுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சேதான் வாங்கிக் குடுத்தேன். அன்னிக்கு நல்லி எலும்பு வேற. நான்தான் கொன்னுட்டேன்னு இருக்கேன்மா."

ஒரு சாவுக்கு இரண்டு கொலைகாரர்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறார்கள். போனவரோ நோன்பு வெள்ளியில் நல்லி எலும்பை உறிஞ்சிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"கம்பி வச்ச நெஞ்சுண்ணே" என்றாள் ஜெனட். "நீங்க கொல்லல." சொன்ன பிறகுதான் அது தனக்கும் சேர்த்துச் சொன்னது என்று தெரிந்தது. பிறகு கேட்டாள்.

"அப்ப எங் கீரை அவருக்குப் பிடிக்காதா?"

"முருங்க பிடிக்கும். மணத்தக்காளி கசக்குதும்பாரு."

"நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு முப்பது வருசமா சொன்னாரே."

"நானும் கேட்டேன், சொல்லிட வேண்டியதுதான ஐயான்னு. அது கீரை பறிச்சிட்டு வர்றப்ப மொகம் நல்லா இருக்கும், சொன்னா பறிக்கிறத விட்டுடும்னு உன்னச் சொன்னாரு."

முதலில் வந்தது கோபம். பொய் சொல்லியிருக்கிறார், கடைசியாகச் சொன்னதும் பொய். கோயிலில் அவள் முழங்காலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் இங்கே உட்கார்ந்து கறி தின்றிருக்கிறார். உயிரோடு இருந்திருந்தால் இரண்டு நாளைக்குச் சோறு போட்டிருக்க மாட்டாள். அந்தக் கோபம் கையில் சூடாக இருந்தது. இத்தனை மாதத்தில் அவள் உடம்பில் தெரிந்த முதல் சூடு அது.

இருசப்பன் கொட்டகைக்குள் போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். காணாமல் போன சின்னத் தூக்குச்சட்டி. தேய்த்துக் கழுவிப் பளபளவென்று இருந்தது.

"வெறுஞ்சட்டியாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல. என்னத்தப் போட்டுக் குடுக்கறதுன்னு தெரியல. அப்படியே நின்னு போச்சு."

இன்றைக்கும் வெறுஞ்சட்டியாகக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் அவர் நட்ட முருங்கை இருந்தது. இரண்டு கொத்து ஒடித்து, உருவி, சட்டியில் அடைத்து நீட்டினார். நீட்டியவர் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மருந்து படாத மரம்தான். இருந்தாலும் நீ பாத்துச் சொல்லு. திங்கலாமா?"

ஜெனட் ஓர் இலையைக் கிள்ளி விரலில் கசக்கி முகர்ந்தாள்.

"திங்கலாம்ணே" என்றாள். பிறகு, "மருந்தடிக்கிற பையங்க இந்த வழியாத்தான வருவாங்க? அடிச்சு முடிச்சா நெரை வாயில ஒரு மட்டையக் குத்திட்டுப் போகச் சொல்லுங்க. ஏன்னு கேட்டா, இங்க திங்கிறவங்க இருக்காங்கன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார் இருசப்பன்.

திரும்பும் வழியில் பாலத்துப் பக்கம் நிறுத்தினாள். மழைக்கு நிரை மறுபடியும் பச்சையாகியிருந்தது. மணத்தக்காளி வெள்ளைப் பூவும் கறுத்த பழமுமாக நின்றது. எப்போது அடித்தது, இனி எப்போது அடிப்பது என்று அவளுக்குத் தெரியாது. கீழே கிடந்த மட்டை ஒன்றை இழுத்து வந்து நிரை வாயில் குத்தினாள். முழங்கால் வலித்தது.

வீட்டுக்கு வந்து கைபேசியை நிமிர்த்தி லோகேஸ்வரிக்கு எழுதினாள்: 'முருங்கை திங்கலாம். வெண்டிக்காயும் திங்கலாம். அந்த வெள்ளப் பூவைக் கையாலகூடத் தொடாதே.' லோகேஸ்வரி சிரித்த முகம் ஒன்றை அனுப்பினாள்.

மத்தியானம் முருங்கைக்கீரையை ஆய்ந்து, வெங்காயம் வதக்கி, தேங்காய் போட்டுப் பிரட்டினாள். உப்புப் பார்க்க நாக்கில் வைத்தாள். உப்பு சரியாக இருந்தது. சரியாக இருப்பது தெரிந்தது. சோற்றுப் பானையைத் திறந்தபோதுதான் கவனித்தாள், யோசிக்காமல் இரண்டு பேருக்கு அரிசி அளந்து போட்டிருந்தாள். அவருக்குப் பிடித்த கீரை. மூடி வைத்தாலும் இனி அதை யாருக்கும் கொண்டுபோய்க் கொடுக்க அவர் வரமாட்டார். இத்தனை நாளும் அவள் புருஷனைக் கொன்றவளாக இருந்தாள். அன்றைக்குத்தான் புருஷனைப் பறிகொடுத்தவளானாள். அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி அடுப்படியிலேயே உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஜெனட் அழுதாள்.